செவலையும் கொடிக்கயிறும்

எங்க செவலை நாயோட கதை, இத எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், இந்த வருஷத் தெப்பத் திருவிழாவும் வந்துட்டுப் போயிருச்சு. நேத்து ராத்திரி டீக்கடையில ஒருத்தரப் பாத்தேன், அவரு போன்ல ஒரு போட்டோவப் பாத்துட்டு ஒரு வார்த்த சொன்னாரு, சரி இதுக்கு மேல தள்ளக்கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

எங்க வீடு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துல இருந்து நடந்தா ஏழு எட்டு நிமிஷம். அப்பா போனதுக்கப்புறம் மாடி ரூம் சும்மா கெடந்துச்சு, அத கொஞ்ச வருஷமா வெளியூர்க்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடுறோம். வெளிநாட்டுக்காரங்கன்னா வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல அரசாங்கத்துக்குத் தகவல் குடுக்கணும், அத தவிர பெரிய தொல்லை எதும் கெடையாது. போன வருஷம் தையில பெர்லின்ல இருந்து ஒரு பொண்ணு மூணு வாரம் தங்க வந்துச்சு. முப்பது வயசு இருக்கும், ஒரு நோட்டு வச்சுக்கிட்டு கோயில், கோபுரம், பூக்கடைன்னு எதையாச்சும் வரைஞ்சுக்கிட்டே திரியும். அம்மாவுக்கு அந்தப் பேரு வாயில நுழையல, "வெள்ளக்காரப் புள்ள"ன்னே கூப்புட ஆரம்பிச்சு அதுவே நெலைச்சிருச்சு.

தெப்பத்தன்னைக்கு ராத்திரி நானும் அந்தப் பொண்ணும் குளத்துக்குப் போனோம். திருமல நாயக்கர் 1645ல வெட்டுன குளம், மஹால் கட்ட செங்கலுக்கு மண்ணு எடுத்த பள்ளம்னு நம்மூர்ல எல்லாரும் சொல்லுவாங்கல்ல அந்தக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே போறேன். மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்துல மைய மண்டபத்த சுத்தி வர்றாங்க, கரையில நின்னு வடம் இழுக்குறாங்க, லைட்டு, கூட்டம், பஞ்சு மிட்டாய், பீப்பீ சத்தம். நான் திரும்பிப் பாத்தா இந்தப் பொண்ணக் காணோம். தேடுனா கரும்புச்சாறு வண்டி பக்கத்துல தரையில குத்த வச்சு உக்காந்திருக்கு. வண்டிக்கு அடியில ஒரு நாயி.

செவலக் கலரு, பொட்ட, ஒன்ற வயசு இருக்கும். கழுத்துல செகப்பா பட்டை போட்ருக்குன்னு தான் நான் மொதல்ல நெனச்சேன், குனிஞ்சு பாத்தா பட்டை இல்ல, சதை. கழுத்த சுத்தி முழுசா ஒரு வளையம் மாதிரி பொளந்து கெடக்கு. நாத்தம்னா சாதா நாத்தம் இல்ல, பரண்ல எலி செத்துக் கெடந்தா நாலு நாள் கழிச்சு வரும்ல அந்த நாத்தம். பக்கத்துல டீக்கடை போட்ருக்குற அக்கா சொல்லுச்சு, "அது ஒரு மாசத்துக்கு மேலயே இப்டித்தான் தம்பி திரியுது, பன்னு போட்டா திங்கும், பாலு ஊத்துனா குடிக்கும், ஆனா கழுத்துப் பக்கம் கையக் கொண்டு போனா கடிக்க வருது, நாங்க என்ன செய்ய?"

இத ஏன் சொல்றேன்னா பின்னாடி எங்க தெருவுல ஒரு பெரியவரு "வெள்ளக்காரிக்கு இருக்குற இரக்கம் நம்மாளுகளுக்கு இல்லையேப்பா"ன்னு ஒரு நூறு வாட்டி சொல்லிருப்பாரு, எனக்கு ஒவ்வொரு வாட்டியும் சுருக்குன்னு இருக்கும். அந்த ஒரு மாசம் அது உசுரோட இருந்ததே அந்த அக்கா போட்ட பன்னுல தான்.

புடிக்கிறது லேசுல நடக்கல. அந்தப் பொண்ணு பெட்ஷீட்ட வச்சுக்கிட்டு நிக்கிது, அக்கா பன்ன பால்ல நனைச்சு நீட்டுது, நான் பின்னாடி இருந்து அமுக்கணும், இது தான் பிளான். மூணாவது தடவையில மாட்டுச்சு, மாட்டுன வேகத்துல என் கையில ஒரு கவ்வு. பல்லு பட்டு கீறல், ரத்தம் வரல. தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் ஒருத்தரு "சீட்டுல புழு விழுந்துருமேப்பா"ன்னு மொனங்கிக்கிட்டே பழைய பேப்பர விரிச்சு ஏத்திக்கிட்டாரு, காசு வாங்கல.

கீறல் தானன்னு நான் சும்மா இருந்திருப்பேன். அந்தப் பொண்ணு என்னைய குழாயடிக்கு இழுத்துட்டுப் போயி, செல்லுல டைம் வச்சு, பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவ வச்சுச்சு. அது ஊர்ல இருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே ரேபிஸ் ஊசி போட்டுட்டு தான் வந்திருக்கு, நாம இத்தன நாய்க்கு நடுவுல பொறந்து வளந்து ஒரு ஊசி போட்டதில்ல. மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், ரெண்டு கையிலயும் தோலுக்குள்ள சின்னதா போட்டு விட்டாங்க, அன்னைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு நாலு வாட்டி, காசே கெடையாது. தொப்புள சுத்தி பதினாறு ஊசின்னு இன்னும் பயந்துக்கிட்டு இருக்குறவங்க யாராச்சும் இருந்தா, அந்தக் காலமெல்லாம் போயி ரொம்ப வருஷம் ஆச்சு.

நாயக் காலையில வெள்ளன மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரு மயக்க ஊசி போட்டுட்டு கழுத்து முடிய வழிச்சாரு. வழிச்சா உள்ள ஒண்ணுமே தெரியல, சதையும் சீழும் புழுவும் தான். டர்பன்டைன் எண்ணெய பஞ்சுல தொட்டு வச்சதும் புழுவெல்லாம் தலைய வெளிய நீட்டுது, ஒவ்வொண்ணா எடுத்து ட்ரேயில போடுறாரு, அறுபது வரைக்கும் எண்ணுனேன் அப்புறம் எண்ணல. அதுக்கப்புறம் கத்திரி மாதிரி ஒண்ண உள்ள விட்டு எதையோ கவ்வி இழுத்தாரு. பச்ச நைலான் கயிறு. நம்ம வீட்டு மாடியில துணி காயப்போட கட்டுவோமே அதே கொடிக்கயிறு. சதை அதுக்கு மேல வளந்து மூடிருச்சு, நாலு எடத்துல வெட்டி நாலு துண்டா எடுத்தாரு. ஒரு துண்டுல முடிச்சு அப்டியே இருந்துச்சு, நல்லா இறுக்கி ரெண்டு வாட்டி போட்ட முடிச்சு, இன்னொரு துண்டோட நுனி பிசுறு பிசுறா இருந்துச்சு, கடிச்சு அத்த மாதிரி. "குட்டியில கட்டிருக்காங்க. கழுத்து வளந்துருச்சு, கயிறு வளருமா?"ன்னாரு டாக்டர். தையல் போடல, உள்ள சீழ் இருக்குறப்ப மூடக்கூடாதாம், தெறந்தே வச்சு தெனம் கழுவி ஸ்பிரே அடிக்கச் சொன்னாரு. அந்தப் பொண்ணு வெளிய போயி வேப்பமரத்தடியில உக்காந்து அழுதுச்சு. எனக்கு அழுகையெல்லாம் வரல, யாரு கட்டுனான்னு மட்டும் தெரியணும்னு இருந்துச்சு.

ரத்தம் எடுத்துப் பாத்ததுல உண்ணிக் காய்ச்சல் வேற. எர்லிக்கியான்னு பேரு, உண்ணி கடிச்சு வர்றது, ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், தரைக்கு எறங்கிருச்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், நடுவுல விடாம, சாப்பாட்டோட தான் குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா கக்கிரும்.

அந்தப் பொண்ணுக்கு பத்து நாள்ல ஃப்ளைட்டு. கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சோறு சாப்புடுறப்ப பைய ஆரம்பிச்சுச்சு, இத நான் கூட்டிட்டுப் போறேன், கொஞ்ச நாள் மட்டும் நீங்க வச்சிருக்க முடியுமான்னு. கொஞ்ச நாள்னா எத்தன நாள்னு கேட்டேன். அப்ப தான் எனக்கே தெரியும் இந்த சட்டதிட்டமெல்லாம். மொதல்ல மைக்ரோசிப் போடணும். சிப்பு போட்ட பெறகு தான் ரேபிஸ் ஊசி, மாத்திப் போட்டா அந்த ஊசி கணக்குல வராது. ஊசி போட்டு 30 நாளாச்சும் கழிச்சு ரத்தம் எடுத்து ஐரோப்பா ஒத்துக்கிட்ட லேபுக்கு அனுப்பணும். எதிர்ப்பு சக்தி 0.5 ஆச்சும் இருக்கணும். அதோட முடியல, ரத்தம் எடுத்த தேதியில இருந்து 3 மாசம் காத்திருக்கணும். சில நாட்டுக்கு இந்தக் காத்திருப்பு கெடையாது, அந்த லிஸ்ட்ல இந்தியா இல்ல. ஆக எப்படிப் பாத்தாலும் நாலஞ்சு மாசம்.

அம்மா நாயி வேணாம்னு சொல்லல, சாமி ரூம் பக்கம் வரக்கூடாது, அவ்வளவு தான்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மாசா மாசம் காசு அனுப்புறேன்னுச்சு, சொன்ன மாதிரி ஒரு மாசம் கூட விடாம அனுப்பவும் செஞ்சுச்சு, அதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு. காப்பாத்துறது ஒரு நாள் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு அது கட்ட பிச்சுப் போட்டு செவுரு பூரா ரத்தமா சொரிஞ்சு வச்சிருக்குறப்ப பெர்லின்ல யாரையும் எழுப்ப முடியாது.

அம்மா தான் செவலைன்னு கூப்புட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு வாயில வரல, ஷெவி ஆக்கிருச்சு. மொத மூணு வாரம் செவலை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியே கெடந்துச்சு. சோத்த வச்சுட்டு நாம கீழ எறங்குனா தான் திங்கும். அம்மா ஒரு வேலை செஞ்சுச்சு, தட்ட வச்சுட்டு அங்கிட்டுத் திரும்பி உக்காந்து கீரை ஆயும், வெங்காயம் உரிக்கும், நாயப் பாக்கவே பாக்காது, தெருக்கதையெல்லாம் தனக்குத் தானே பேசிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் தட்டு ஒரு சாண் பக்கத்துல வரும். ரத்தம் ஊற ஈரல் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு, வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத வீட்டுல வெள்ளிக்கிழமையும் அதுவுமா மாடியில தனி அடுப்புல ஈரல் வேகுது. கறிக்கடை பாய் அம்மாவப் பாத்தாலே "செவலைக்குத் தானம்மா"ன்னு சவ்வும் ஈரலும் தனியா கட்டி வச்சிருவாரு.

கழுத்துப் புண்ணு ஒன்ற மாசத்துல கூடிருச்சு, முடி மொளைக்கல, வழவழன்னு வெள்ளையா ஒரு கோடு நின்னுபோச்சு. ஆனா கழுத்துல ஒரு நூலு கூடப் போட முடியாது. பெல்ட்ட எடுத்தாலே ஒன்னுக்குப் போயிரும். நெஞ்சோட மாட்டுற ஹார்னஸ் வாங்கி, அதையும் பத்து நாள் சோத்துத் தட்டு பக்கத்துலயே போட்டு வச்சு, மோந்து பாக்க விட்டு, அப்புறம் தான் மாட்ட முடிஞ்சுச்சு. இதுக்கு நடுவுல ஒரு விஷயத்த நான் கவனிக்கவே இல்ல. செவலை மாடியோட ஒரு பாதிக்குத் தான் வரும், அந்தப் பாதிக்கு வரவே வராது, நான் வெயிலுக்குன்னு நெனச்சேன். ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து பாத்தா மாடியில கொடிக்கயித்தக் காணோம். துணியெல்லாம் கைப்பிடிச் செவுத்துல போட்டு மேல செங்கல்லு வச்சிருக்கு. "கொடி எங்கம்மா?"ன்னா, "அவுத்துட்டேன், காத்துல ஆடுறப்பல்லாம் அது நடுங்குதுடா, பச்சக் கயிறு"ன்னுச்சு அம்மா. அன்னைக்கு சாயந்திரமே செவலை முழு மாடியும் ஓடுச்சு. அதுக்கப்புறம் மாசக்கணக்குல எங்க வீட்டு துணியெல்லாம் செங்கல் தடத்தோட தான் காஞ்சுச்சு, என் வெள்ளச் சட்ட ரெண்டு போச்சு.

கட்டுனது யாருன்னு ஏப்ரல்ல தெரிஞ்சுச்சு.

சாயந்திரம் ஹார்னஸ் மாட்டி தெப்பக்குளத்த சுத்தி நடக்க விடுவேன். ஒரு நாள் டீக்கடை பக்கம் வர்றப்ப செவலை திடீர்னு நின்னுச்சு, காதத் தூக்குச்சு, அப்புறம் என்னைய இழுத்துக்கிட்டு ஒரே ஓட்டம். அது அப்டி ஓடி நான் பாத்ததே இல்ல. பெஞ்சுல காக்கி சட்டை போட்ட ஒரு அண்ணன், அம்பத்தஞ்சு வயசு இருக்கும், அவரு கால்ல போயி விழுந்து, பொரண்டு, ஒரு மாதிரி ஊளையும் இல்லாம அழுகையும் இல்லாம ஒரு சத்தம். அவரு "மணி, ஏ மணி, எங்கடி போன?"ங்குறாரு. பக்கத்துல ஒரு குடோனுக்கு நைட் வாட்ச்மேனா இருந்திருக்காரு. குட்டியில எடுத்து வளத்துருக்காரு, ரோட்டுக்குப் போயிரக் கூடாதுன்னு கயித்துல கட்டிப் போட்டு, பால் வாங்கி ஊத்தி. இடையில முதுகு ஆபரேஷன்னு உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவரு ஆறு மாசம் வரல. மாத்தாளு வந்தவரு "அத்துக்கிட்டு ஓடிருச்சு"ன்னு போன்ல சொல்லிருக்காரு. ஓடுச்சு சரி, கழுத்துல வளையம் அப்டியே இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்.

அந்த ரெண்டு மாசமா அந்த ஆளப் பாத்தா என்னென்ன கேக்கணும்னு நான் மனசுக்குள்ள வசனம் எழுதி வச்சிருந்தேன். அசிங்கமா தான், எல்லாம் நம்மூர் வசனம். ஒண்ணும் வரல. ஏன்னா செவலை அவரு மடியில தலைய வச்சிருக்கு. அவரு கை கழுத்துல அந்த வழவழப்புல போயி நின்னுச்சு, எடுக்கல, இது எங்க ரெண்டு பேரையும் தொட விடாத எடம், அவரத் தொட விட்டுச்சு. "இது என்ன தம்பி?"ன்னாரு. சொன்னேன். அந்த நாலு துண்டப் பத்தியும் சொன்னேன், கொஞ்சம் குத்துறாப்ல தான் சொன்னேன். அவரு டீய குடிக்காமயே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் வீட்டு வாசலுக்கு வருவாரு. உள்ள வர மாட்டாரு. பொறை ரெண்டு வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போவாரு. அம்மாவுக்கு அவரு மேல கோவம் எறங்கவே இல்ல, இருந்தாலும் டீ போட்டுக் குடுக்கும்.

மார்ச்லயே சிப்பும் ஊசியும் போட்டாச்சு, ஏப்ரல் கடைசியில ரத்தம் எடுத்து அனுப்புனோம், கூரியரோட சேத்து பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆச்சு. ரிசல்ட்டு 0.38. ஃபெயிலு. பிளஸ் டூ ரிசல்ட்டு வந்த அதே மே மாசம், எதுத்த வீட்டுப் பையன் பாஸு, எங்க நாயி ஃபெயிலு. உண்ணிக் காய்ச்சல்ல கெடந்த ஒடம்பு, ஒரு ஊசிக்கு சில நாய்க்கு அவ்வளவு தான் ஏறும்னு டாக்டர் சொன்னாரு. மறுபடியும் ஊசி, மறுபடியும் 30 நாளு, ஜூன்ல ரெண்டாவது ரத்தம், இந்த வாட்டி 2.1. அங்கேர்ந்து மூணு மாசம் எண்ணணும். நடுவுல கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு.

அந்தப் பொண்ணு தெனம் வீடியோ கேக்கும். சில நாள் எரிச்சலா வரும், உண்மையச் சொல்றேன். "என் ஷெவி எப்படி இருக்கு?"ன்னு வரும் மெசேஜு. ஒன்னோட ஷெவியா, மணியா, செவலையா, இதுக்கு எத்தன பேரும்மான்னு டைப் பண்ணிட்டு அழிச்சிருக்கேன். இத அனுப்பணுமான்னும் யோசிச்சேன். வெயில்ல பொறந்த நாட்டு நாயி, நாலாவது மாடி பிளாட்டுல என்ன செய்யும்? வாட்ச்மேன் அண்ணன்ட்டயே குடுத்துரலாமான்னு கூட ஒரு நாள் அம்மாட்ட கேட்டேன். அம்மா வெறுமனே என்னையப் பாத்துச்சு, பதில் சொல்லல. அப்புறம் ஆகஸ்ட்ல டெல்லி தெருநாயெல்லாம் புடிச்சு அடைங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, பத்து நாள்லயே கருத்தடையும் ஊசியும் போட்டுத் திருப்பி விடுங்கன்னு மாத்திச் சொன்னுச்சுல்ல, அந்தப் பத்து நாளும் டீக்கடையில ஒரே சண்டை. கடிச்ச நாய்ட்ட சிக்குன புள்ளைகள நானும் ஆஸ்பத்திரி வரிசையில பாத்திருக்கேன், முகத்துல கட்டோட, அதனால நான் வாயத் தெறக்கல. ஆனா செவலைக்கு ஒரு வீடு எங்கயோ பூட்டுப் போட்டு இருக்குங்கிறது அப்ப நல்ல விஷயமாத் தான் பட்டுச்சு.

செப்டம்பர் கடைசியில அந்தப் பொண்ணு வந்துச்சு. கூட்டிட்டுப் போறவுங்க அதே சமயத்துல பயணம் பண்ணணும், இல்லைன்னா யாவாரம்னு கணக்கு வச்சு வேற ரூல் போட்ருவாங்க. கூண்டுக்குள்ள நாயி நிமுந்து நிக்கணும், முழுசா திரும்பணும், படுக்கணும், அந்த அளவு பாத்து வாங்கி ரெண்டு மாசமா அதுக்குள்ளயே சோறு வச்சுப் பழக்கியிருந்தோம். கெளம்புறதுக்கு முந்துன நாள் வாட்ச்மேன் அண்ணனுக்கு சொல்லி விட்டேன், வரல.

டாக்ஸியில சென்னைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல, மேலூர் தாண்டுற வரைக்கும் ஊளை, அப்புறம் தூங்கிருச்சு. சென்னையில கவர்மெண்ட் சர்டிஃபிகேட்டு வாங்கி, ஏர்போர்ட்டுல கூண்டுக் கதவ நான் தான் மூடுனேன். அம்மாவோட பழைய சேல ஒண்ணு உள்ள போட்ருந்துச்சு, வாசத்துக்கு. ஃப்ராங்க்ஃபர்ட்டுல டாக்டர் சிப்ப ஸ்கேன் பண்ணி பேப்பரப் பாத்துட்டு விட்டுட்டாராம், அங்கேர்ந்து பெர்லினுக்கு ட்ரெயினு, நாய்க்குத் தனி டிக்கெட்டு.

மொத மூணு நாள் சாப்புடல. வீடியோ கால்ல அம்மா "செவல, சாப்புடு தாயி"ன்னு கத்துச்சு. அது போனுக்குப் பின்னாடி போயி மோந்து பாத்துட்டு மேசைக்கு அடியில போயிப் படுத்துருச்சு. "போன்ல கூப்ட்டா எப்படிடா வரும்"னு அம்மா என்னைய வஞ்சுட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. அப்புறம் நான் தான் அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், தட்ட வச்சுட்டு அங்கிட்டுத் திரும்பி உக்காரு, வெங்காயம் உரி, எதையாச்சும் பேசிக்கிட்டே இருன்னு. நாலாம் நாள் தின்னுச்சாம். அங்க நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ வரி கட்டணுமாம், அத சொன்னப்ப அம்மா நம்பவே இல்ல, "நாய்க்கு வரியா, வீட்டு வரிய விட அதிகமால்லடா இருக்கு"ன்னுச்சு.

நேத்து டீக்கடையில பாத்தது வாட்ச்மேன் அண்ணனைத் தான். நாலு மாசமா என்னையக் கண்டா அங்கிட்டுப் போயிருவாரு. நேத்து அவரே வந்து பக்கத்துல உக்காந்தாரு. "மணி எப்படி இருக்கு தம்பி?" போன எடுத்து ஜனவரியில வந்த போட்டோவக் காட்டுனேன், ஏரி ஓரம், தரை பூரா பனி, செவலை ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்கிது. அவரு ரெண்டு வெரலால பெருசாக்கி கழுத்தப் பாத்தாரு. ஹார்னஸ் தான், நெஞ்சோட. அங்க கட்டிப் போட்டு வளக்கிறதுக்குத் தடை இருக்குண்ணேன்னு சொன்னேன், சொன்னதுக்கப்புறம் தான் ஏன் சொன்னோம்னு இருந்துச்சு.

அவரு அதக் காதுல வாங்குன மாதிரியே தெரியல. போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"இதுக்கு முடியே பத்தாதே, குளிருமே தம்பி"ன்னாரு.

சட்ட போட்ட போட்டோ ஒண்ணு இருந்துச்சு, செகப்புக் கம்பளிச் சட்ட, அதையும் தள்ளிக் காட்டுனேன்.